கொசுவின் பெயரும் காய்ச்சலின் பெயரும்

(இலுப்பூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

   

 இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கொசு. இலக்கண இலக்கியம் பயின்ற தமிழாசிரியனொருவன் கம்பரையும் சேக்கிழாரையும் விடுத்துக் கொசுவைப் பற்றிப் பேசப் புகுவது பொருந்துமோ என்று உங்களிற் சிலர் ஐயுறலாம். கொசுவை ஒழிக்கும் வகை கூறுவது மருத்துவர் கடமை. சுகாதார அலுவலர் கடமை. ஆயினும், அக்கொசுவுக்குப் பெயரிட்டவர் யாவர், எக்காரணம் பற்றி அப்பெயரிட்டனர், அப்பெயர் வேறுபாட்டை நாம் அறியாமையால் நமக்கு விளையுங் கேடு யாது என்பவற்றை ஆராய்வது சொல்லாராய்ச்சியின்பாற் படும். சொல்லாராய்தல் என் தொழில். ஆதலின் என் எல்லையைக் கடவாமலே இப்பொருளைப் பேசத் துணிந்தேன்.

முதற்கண் நம் மொழியிலுள்ள பெயர்களை நோக்குவோம். நாம் கொசு என்கிறோம். கொசுகு என்பது அதன் பழைய வடிவம். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் நுளம்பு என்பர். அங்கே கொசுவலைக்கு நுளம்பு வலை என்று பெயர். நம் நிகண்டுகளையும் அகராதிகளையும் புரட்டினால் உலங்கு என்றொரு சொல்லுங் காணப்படும். அது பெருங்கொசுவைக் குறிப்பது. வடமொழியாளர் மசகம் என்பர். இவ்வளவு சொற்களிருந்தும், உலங்கு ஒன்றை ஒழித்தால், இவை யாவும் ஒருபொருட் பன்மொழியேயன்றி வேறு வேறு கொசுக்களைப் பிரித்துக் காட்டுவன அல்ல. நெல்லுக்கு எத்தனை பெயர் நம்மிடம் உண்டு! மாட்டின் நிறத்துக்கும் கொம்புக்கும் சுழிக்கும் எத்தனை பெயர்! நமக்கு வேண்டியவற்றை நுணுகி நோக்கிப் பெயரிட்ட நம் முன்னோர், கொசுவை மட்டும் அடித்துப் போடத்தக்க ஒன்றெனக் கருதி ஒரு பெயரோடு விட்டனர். அது நோய் கொணரும் என்பது அக்காலத்தில் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆதலின் அவர்களைக் குறைகூறுதற்கில்லை. இக்காலத்து நாமோ அறிந்தும் அறியாதவராய் இருக்கின்றோம்.

உலகத்தில் இன்று கணக்கிடப்பட்ட கொசு வகைகள் 3,500க்கு மேற்பட்டவை. நம் பாரத நாட்டில் மட்டும் ஏறத்தாழ 400 வகைகள் உள. இவற்றுள் நோய் பரப்புவன சிலவே. ஆண்கொசு பூந்தேனும் செடியின் சாறும் உண்டு வாழ்வது. பெண்கொசுவே முட்டை முதிர்தற்பொருட்டுக் குருதி தேடுவது. இச்சிறுபான்மையுள்ளும் ஒரு வகை கொணரும் நோயை மற்றொரு வகை பெரும்பாலும் கொணராது. ஒரு வகை வாழும் நீரில் மற்றொரு வகை வாழாது. ஒரு வகை கடிக்கும் வேளையில் மற்றொரு வகை உறங்கும். ஆகவே ‘கொசு கடித்தது’ என்று மட்டும் சொல்லுதல், ‘மனிதன் வந்தான்’ என்று மட்டும் சொல்லுதல் போலாம். வந்தவன் உறவினனோ கள்வனோ என்பது பெயர் அறிந்தாலன்றோ விளங்கும்?

பெயர் அறியாமையால் வருங் கேட்டுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். இந்திய மருத்துவப் பணியிலிருந்த ரொனால்டு ராஸ் என்பார் 1857இல் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தவர். மலேரியாக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறதெனத் தம் ஆசானாகிய பாட்ரிக் மேன்சன் கூறிய கருத்தை மெய்ப்பிக்க வேண்டுமென்று 1895 முதல் கொசுக்களைப் பிடித்து நோயாளரைக் கடிக்கவிட்டு, பின் அக்கொசுக்களை அறுத்துப் பூதக்கண்ணாடியில் நோக்கிவந்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஏறக்குறைய இரண்டாண்டு இவ்வாறு கழிந்தது. காரணம் யாது? அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் சாம்பல்நிறக் கொசுக்களும் வரியுடைய கொசுக்களுமே. மனிதருக்கு வரும் மலேரியாவோடு அவற்றுக்குத் தொடர்பேயில்லை. கொசுக்களின் சாத்திரப் பெயர்கள் அவருக்குத் தெரியா. கேட்டறிதற்கு உடனிருந்தாரும் இலர். ஆதலின் தாமே சாம்பற் கொசு, வரிக் கொசு என்று பெயரிட்டுக் குறித்து வந்தார்.

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், செகந்தராபாத்தில், சிறகிற் புள்ளிகளும் வால்பக்கத்தைத் தூக்கிச் சாய்ந்து அமரும் இயல்பும் உடைய மூன்றாம் வகை ஒன்று அவர் கைக்கு வந்தது. ஹுசேன்கான் என்னும் நோயாளி, கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் பெற்றுக்கொண்டு, அவற்றுக்குத் தன் உடலைக் கொடுத்தார். அவ்வாறு குருதியுண்ட கொசுவை ஆகஸ்டு 20ஆம் நாள் ராஸ் அறுத்து நோக்கியபோது, அதன் இரைப்பைச் சுவரிலே மலேரியாக் கிருமியின் கருநிறத் துகளுடைய உருண்டைகளைக் கண்டார். அந்நாளே இன்றும் உலகக் கொசு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அடுத்த ஆண்டு கல்கத்தாவிற் பறவைகளை வைத்து ஆராய்ந்து, கிருமி கொசுவின் எச்சிற் சுரப்பிக்கு வந்து கடியின் வழியே மற்றோருடலிற் புகுகின்றதெனக் காட்டினார். அதே 1898இல் இத்தாலி நாட்டு கிராசி என்பாரும் அவர் கூட்டாளிகளும் மனித மலேரியாவைக் கொணர்வது அனாபிலிஸ் என்னும் கொசுவினமே என நிறுவினர். ராஸ் கண்ட புள்ளிச்சிறகுக் கொசு அவ்வினத்ததே. 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூன்று வகையையும் பிரித்தறியும் அறிவு முதலிலேயே கிட்டியிருந்தால் அவ்விரண்டாண்டு வீணாகியிராது. அறிஞரொருவர்க்கே பெயரறியாமை இவ்வளவு இழப்பைத் தந்ததாயின், குடும்பத்தாராகிய நமக்கு எவ்வளவு தரும்!

நிற்க. இனிச் சாத்திரப் பெயர்களின் அமைப்பைப் பார்ப்போம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்பார் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பில் விலங்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லால் ஆகிய பெயரை வகுத்தார். முன்னது இனப்பெயர், பின்னது அவ்வினத்துள் அதற்கேயுரிய சிறப்புப்பெயர். நாம் தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னிட்டுத் தன்பெயரைப் பின்னே எழுதுவதில்லையா? அதுபோன்றதே இது. கியூலெக்ஸ், அனாபிலிஸ், ஈடிஸ் என்னும் மூன்றும் நாம் அறிய வேண்டிய முதன்மையான இனப்பெயர்கள். கியூலெக்ஸ் என்பது லத்தீன் மொழியிற் கொசு என்றே பொருள்படும். மற்றை இரண்டையும் 1818இல் மைகன் என்னும் செர்மானியர் கிரேக்க மொழியிலிருந்து எடுத்திட்டார். அனாபிலிஸ் என்றால் பயனற்றது; ஈடிஸ் என்றால் வெறுப்புத் தருவது. இவை நோய் கொணர்வன என்பது தெரிதற்கு எண்பதாண்டு முன்னரே இப்பெயர்கள் வாய்த்தன என்பது வியப்பே.

பவணந்தி முனிவர் தம் நன்னூலிற் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகையாக்கினார். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறும் பற்றிப் பெயர் பிறக்கும் என்பதும் நம் இலக்கணத்தில் மாணவர் யாவரும் படித்ததே. நம் ஊரின் பெயரே இலுப்பை மரம் பற்றி வந்த காரணப்பெயர். கொசுக்களின் சாத்திரப் பெயர்களை இவ்வுரைகல்லில் இட்டுப் பார்த்தால் அவற்றின் அழகும் குறையும் ஒருங்கே விளங்கும்.

இடம் பற்றி வந்தன முதலிற் காண்க. ஈடிஸ் எஜிப்தி என்பது எகிப்து நாட்டுப் பெயரால் லின்னேயஸ் 1762இல் இட்டது. இதுவே இன்று நம் வீடுகளில் டெங்குவும் சிக்குன்குனியாவும் பரப்பும் கொசு. ஆப்பிரிக்காவைப் பிறப்பிடமாக உடைய இது கப்பல்களில் ஏறி உலகெங்கும் பரவியது. பெயர் எகிப்துக்குரியது, வாழ்வு நம் வீட்டுத் தொட்டியில்! அனாபிலிஸ் ஜெய்ப்போரியென்சிஸ் என்பது ஒடிசாவிலுள்ள ஜெய்ப்பூர் மலைநாடு பற்றியது. அனாபிலிஸ் புளுவியாடிலிஸ் என்பது ஆற்றுக்குரியது எனப் பொருள்படும். மலையோடைகளில் வளர்ந்து மலைவாழ் மக்களுக்கு மலேரியா தருவது.

சினையும் குணமும் பற்றியன பல. கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ் என்பது ஐந்து பட்டையுடையது எனப் பொருள்படும். யானைக்கால் நோய் பரப்புவது. கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் என்பது நாவிற்கு அடங்காத பெயரேயாயினும், மூன்று பட்டையுடைய மூக்கினது என்று பிரித்தால் எளிதே; மூளைக்காய்ச்சல் பரப்புவது. ஈடிஸ் அல்போபிக்டஸ் என்பது வெண்மை தீட்டப்பெற்றது. கல்கத்தாவிலிருந்து கிடைத்த கொசுக்களைக் கண்டு ஸ்கியூஸ் என்பார் இட்ட பெயர். அனாபிலிஸ் குலிசிபேசீஸ் என்பது கியூலெக்ஸின் தோற்றமுடையது என்று பொருள்படும். 1901இல் கைல்ஸ் என்பார் இட்டது. நாட்டுப்புறங்களில் மலேரியா பரப்புவதில் முதலிடம் பெற்ற இக்கொசு, தீங்கற்றதன் வேடம் பூண்டிருப்பதை அப்பெயரே எச்சரிக்கின்றது.

தொழில் பற்றியனவும் உண்டு. வெக்சன்ஸ் என்றால் தொல்லை தருவது. பேட்டிகன்ஸ் என்றால் சலிப்புறச் செய்வது. மனிதர் பெயராலும் தெய்வங்களின் பெயராலும் வந்தனவும் உள. மான்சோனியா என்னும் இனம் முன்சொன்ன மேன்சன் பெயரால் அமைந்தது. சேரநாட்டுச் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் பரப்பிய பழி இதற்குண்டு. அனாபிலிஸ் ஸ்டெபன்சி என்பது ஸ்டீபன்ஸ் என்னும் மருத்துவர் பெயரால் லிஸ்டன் என்பார் 1901இல் இட்டது. லண்டன் கண்காட்சிசாலையிற் கொசுக்களைத் தொகுத்து ஐந்து தொகுதியாக நூல் செய்த தியோபால்டு என்பார், நெல்வயலில் வளரும் ஒன்றுக்கு விஷ்ணுவின் பெயரைச் சூட்டினார். நம் நாட்டு ஆராய்ச்சியாளராகிய எம். ஓ. டி. ஐயங்கார் 1924இல் ஒன்றுக்கு வருணா என்று பெயரிட்டார். நெய்தல் நிலத்துக்குரிய தெய்வமென்று தொல்காப்பியம் சொல்லும் வருணன், நீரிற் பிறக்கும் கொசுவுக்குப் பெயர் தந்தது பொருத்தமே. ஆனால் விஷ்ணு காக்குங் கடவுளாயிருக்க, அவர் பெயர் பெற்ற கொசுவின் கூட்டமோ குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நோயைப் பரப்புகிறது. பெயரிட்டவர்க்கு அக்காலத்தில் அது தெரியாது.

பெயரிடுவதில் ஒரு நீதியும் உண்டு. ஒரு வகைக்கு இருவர் இரு பெயரிட்டால் முந்தியவர் வைத்ததே நிற்கும். நான் முன் சொன்ன பேட்டிகன்ஸ், 1828இல் வீடமன் என்பார் இட்ட பெயர். நம் நாட்டு மருத்துவ நூல்களில் நெடுங்காலம் அதுவே வழங்கியது. ஆனால் அதே கொசுவுக்கு அமெரிக்கராகிய தாமஸ் சே என்பார் 1823இலேயே குயின்குபேசியேட்டஸ் என்று பெயரிட்டிருந்தார். ஐந்தாண்டு முந்தியதாதலின் அதுவே இப்போது நிலைத்தது. பழைய நூலைப் படிப்பவர் இரண்டும் ஒன்றே என அறியாவிடின் இரு கொசுவென மயங்குவர்.

இதற்கு மறுதலையாக, இரண்டாயிருப்பதை ஒன்றென மயங்குதலும் உண்டு. குலிசிபேசீஸ் என்று ஒரு பெயரால் வழங்குவது உண்மையில் ஒன்றன்று. கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் ஐந்து உடன்பிறப்புக்கள் என ஆராய்ச்சியாளர் கண்டனர். அவற்றை அ, ஆ என்பதுபோல எழுத்துக்களாற் குறிக்கின்றனர். அவற்றுள் இரண்டாம் எழுத்துப் பெற்றது மலேரியாவைப் பரப்பும் ஆற்றல் மிகக் குறைந்தது. ஆனால் நம் இராமேசுவரத் தீவில் அதனைப் போன்றே தோன்றுவது நோயைப் பரப்பியது. இஃதென்ன முரண் என்று அதன் உயிரணுவுக்குள் இருக்கும் நிறக்கோல்களை ஆராய்ந்தபோது, அங்கே வேறொன்றும் கலந்திருப்பது தெரிந்தது. 1999இல் அதற்கு ஐந்தாம் எழுத்து வழங்கப்பட்டது. புண்ணியத் தலமாகிய இராமேசுவரம் கொசு நூலிலும் இடம்பெற்றது இவ்வாறுதான். ஐந்தாம் எழுத்து என்பது வெறும் இடுகுறியே. ஆயினும் அது பிறந்த பின்னரே உண்மை விளங்கிற்று.

பெயர்களைக் கேட்டு அயர்ந்திருப்பீர்கள். இனி அவற்றாற் பயன் என்னவென்று சொல்கிறேன். தாய்மார்கள் சற்றுச் செவிசாய்க்க வேண்டும்.

கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ் சாக்கடையிலும் மலக்குழியிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் வளர்வது, இரவிற் கடிப்பது. ஆகவே சாக்கடையைத் தூர்வாருதலும், மலக்குழியின் காற்றுக்குழாய்க்கு வலைத்துணி கட்டுதலும், கொசுவலைக்குள் உறங்குதலும் இதற்கு மருந்து. டிரைடீனியோரிங்கஸ் நெல்வயலில் வளர்வது. கொக்கு நாரைகளிடமும் பன்றிகளிடமும் உள்ள நோய்க்கிருமியை மனிதர்க்குக் கொணர்வது. 1955இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வடஆர்க்காட்டிலிருந்தும் அண்டையிலுள்ள ஆந்திரப் பகுதியிலிருந்தும் வந்த நோயாளரிடமே இந்நோய் இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டது. அனாபிலிஸ் குலிசிபேசீஸ் ஆற்றுப்படுகைக் குட்டைகளிலும் வாய்க்காலிலும் கல்லுடைத்த குழிகளில் நிற்கும் மழைநீரிலும் வளர்வது. அனாபிலிஸ் ஸ்டெபன்சியோ கிணற்றிலும் மாடிமேலுள்ள நீர்த்தொட்டியிலும் வளர்வது. சென்னை நகரின் மலேரியாவுக்கு இதுவே காரணம்.

ஈடிஸ் எஜிப்தியின் இயல்பு இவையெல்லாவற்றினும் வேறு. அது சாக்கடையை விரும்பாது. நாம் குடிப்பதற்கும் புழங்குவதற்கும் சேர்த்துவைத்த தெளிந்த நீரையே நாடும். சிமெண்டுத் தொட்டி, பீப்பாய், அண்டா, மூடாத குடம், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கொல்லையிற் கிடக்கும் பழைய டயர், தேங்காய்க் கொட்டாங்கச்சி ஆகிய இவையே அதன் பிறப்பிடம். நம் வீடுகளிற் கொல்லையில் ஒதுக்கிவிட்ட ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். மாவரைத்த அக்குழியில் ஒரு மழை நீர் நின்றால் போதும். முட்டையை நீரிலன்றி நீர் தொடும் விளிம்பில் ஒட்டவைக்கும். நீர் வற்றினாலும் அம்முட்டை பல மாதம் சாகாது கிடந்து மறுபடி நீர் பட்டபோது பொரிக்கும். முட்டை கொசுவாவதற்கு ஏழெட்டு நாள் போதும். கடிப்பதோ பகலில், காலையிலும் மாலைச் சாய்விலும் மிகுதி. பகலிற் கடிக்கும் கொசுவுக்கு இரவிற் கட்டும் வலை முழுக்காவல் ஆகுமா? சாக்கடைக்கு மருந்தடிப்பது இதனை ஒழிக்குமா?

இங்கேதான் பெயரறியாமையின் கேடு நம் வாசலுக்கே வருகிறது. டெங்கு என்று கேட்டவுடன் நாம் என்ன செய்கின்றோம்? சாக்கடையைப் பார்க்கின்றோம். அதன்பின் அச்சாக்கடை ஓடும் தெருவைப் பார்க்கின்றோம். ‘அந்தத் தெருவார் தூய்மையற்றவர், அவர்களாலேயே நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்’ என்கின்றோம். அந்தத் தெருவார் யாவர் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு தெரு உண்டு. நம்மைக் காட்டி அவ்வாறு சொல்வாரும் உண்டு. உண்மையோ வேறு. நீர் சேமிக்கத் தொட்டியும் பீப்பாயும் பூந்தொட்டியும் உடைய நல்ல வீட்டிலேயே எஜிப்திக்கு இடம் மிகுதி. மாடிமேல் மூடியற்ற தொட்டி வைத்திருப்பவர் தாமே ஸ்டெபன்சிக்கு மனை கட்டிக் கொடுத்தவர். எஜிப்தி பெரும்பாலும் தான் பிறந்த இடத்தை அடுத்தே திரிவது. ஆகவே நம் குழந்தையைக் கடித்தது நம் வீட்டிலோ அண்டைவீட்டிலோ பிறந்ததே. 2012இல் தமிழ்நாட்டில் 12,000க்கு மேற்பட்டோர்க்கும், 2017இல் 23,000க்கு மேற்பட்டோர்க்கும் டெங்கு கண்டதாக அரசினர் கணக்குச் சொல்லுகிறது. அவ்வாண்டுகளில் நாம் அயலாரைப் பழித்ததில் ஒரு கொசுவேனும் செத்ததா?

பெயரறிந்தார் பெற்ற பயனுக்கும் ஒன்று சொல்வேன். இலங்கையில் 1934, 1935ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாய் நின்றன. அக்குட்டைகளிற் குலிசிபேசீஸ் பெருகிற்று. மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். நீர் மிகுந்தால் காய்ச்சல் என்று நினைத்திருந்த மக்களுக்கு, நீர் வற்றியமையால் வந்த இச்சாவு விளங்கவில்லை. பின் முயன்று 1963இல் ஆண்டு முழுமைக்கும் 17 பேர்க்கே மலேரியா என்னும் நிலைக்கு அந்நாடு வந்தது. ‘நோய் ஒழிந்தது’ என்று கைசோர்ந்ததும் 1968ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலட்சக்கணக்கில் திரும்பிற்று. மறுபடியும் முயன்று 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் மலேரியா நீங்கிய நாடு என உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே மன்னார்த் தீவின் கிணறுகளிற் புதிய கொசு ஒன்று காணப்பட்டது. அதைப் பிடித்தவர் நுளம்பு என்று அடித்துப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் சிறகின் புள்ளியையும் காலின் வரியையும் எண்ணி, இஃது இந்நாட்டில் முன்பு இல்லாத ஸ்டெபன்சி என்று பெயர் சொன்னார்கள். உடனே கிணறுகளுக்கு மீனும் மருந்தும் இடப்பட்டன. நம் சென்னைக் கொசு கடல்கடந்து வந்ததும் அதன் பெயர் அகப்பட்டதே அந்நாட்டுக்குக் காவலாயிற்று. ஆப்பிரிக்காவிலோ 2012இல் ஜிபூத்தியில் இதுவே காணப்பட்டு, அங்கே மலேரியாவைப் பன்மடங்காக்கிற்று.

இனிக் காய்ச்சல்களின் பெயரைப் பற்றிச் சில சொற்கள். மலேரியா என்பது இத்தாலிய மொழியில் கெட்ட காற்று எனப் பொருள்படும். காற்றே காரணம் என்று நம்பிய காலத்துக் காரணப்பெயர் அது. காரணம் பொய்யாகியும் பெயர் நின்றுவிட்டது. சிக்குன்குனியா என்பது கிழக்காப்பிரிக்காவில் மாக்கொண்டே மக்கள் மொழியிலுள்ள சொல். மூட்டுவலியால் உடல் வளைந்து போதலைக் குறிப்பது. 1952இல் அங்கே கண்ட அந்நோய் 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவிற்று. பல்லாண்டு மறைந்திருந்து 2006இல் நம் மாவட்டங்களையெல்லாம் முடக்கிற்று. இவை ஒருபுறமிருக்க, நாம் வழங்கும் பெயர் யாது? ‘மர்மக் காய்ச்சல்’ என்கிறோம். ‘விஷக் காய்ச்சல்’ என்கிறோம். இவை நோயின் பெயரல்ல, நம் அறியாமையின் பெயர். மர்மம் என்று சொல்லிவிட்டால் அச்சம் வரும், மருந்து வராது. டெங்குக் காய்ச்சலில் வலிக்கென்று ஆஸ்பிரின், இபுபுரோபென் முதலிய மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்கினால் குருதிக்கசிவு மிகும். மலேரியாவுக்கோ தனி மருந்து உண்டு. ஆகவே காய்ச்சல் கண்ட சில நாட்களுக்குள்ளேயே குருதிச் சோதனை செய்து, ‘இதன் பெயர் யாது?’ என்று மருத்துவரைக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

நோய்க்கு ஊர்ப்பெயரும் நாட்டுப்பெயரும் மக்கட்பெயரும் இடலாகாது. அஃது அவ்வூராரை இழிவுபடுத்தும் என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. பெயரே சிலர்க்குப் பழியாகக் கூடும் என்பது இதனாற் பெறப்படும். இவ்விடத்தில் நம் சங்கத்தார் முன் ஒன்றைத் துணிந்து சொல்ல விரும்புகிறேன். யானைக்கால் என்பது உருவம் பற்றி வந்த காரணப்பெயர். ஆனால் நாம் அதைக் ‘குல நோய்’ என்று வேறொரு பெயராலும் வழங்குகின்றோம். ஒரு வீட்டில் பாட்டிக்கோ தந்தைக்கோ கால் வீங்கியிருந்தால் அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது. ‘அந்தக் குடும்பத்தில் அது ஓடுகிறது’ என்று பெரியோர் காதோடு காது ஓதுகின்றனர். சங்கம் வரன் பார்க்க உதவும் இடமாகவும் இருப்பதால் இதைச் சங்கத்திற் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

கேளுங்கள்: யானைக்கால் பெற்றோர் வழி வருவதன்று. நுண்ணிய நூற்புழுக்களால் வருவது. அப்புழுவின் குஞ்சுகளை 1872இல் கல்கத்தாவில் லூயிஸ் என்பார் மனிதர் குருதியிற் கண்டார். கொசுவின் உடலுள் அவை வளர்வதை 1877இல் சீன நாட்டில் மேன்சன் கண்டார். கொசு, நோய் கொணர்தற்கு உலகில் முதன்முதல் கிடைத்த சான்று அதுவே. ஒரே வீட்டில் பலர்க்கு வந்திருப்பின், அவர்கள் ஒரே சாக்கடையின் ஓரத்திற் பல்லாண்டு வாழ்ந்தனர் என்பதே பொருள். ஒரே குருதியிற் பிறந்தனர் என்பதன்று. அந்நோயை ஒழிக்க 1955 முதல் நம் நாட்டிற் திட்டம் உண்டு. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுதோறும் மக்கள் யாவர்க்கும் மாத்திரை வழங்கிவந்தனர். நூற்றைம்பதாண்டுக்கு முன் தெரிந்த உண்மை இன்னும் நம் கலியாணப் பேச்சில் நுழையவில்லை என்றால் நாணத்தக்கதன்றோ? ஒரு பிழைப்பட்ட பெயர் ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுக்கிறது. ஆகவே அப்பெயரை இன்றோடு நாம் கைவிட வேண்டும்.

முடிவாக, இச்சபையோர் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: யானைக்காலைக் காரணங்காட்டி எந்த வீட்டோடும் சம்பந்தம் மறுப்பதில்லை என்று நம் சங்கம் தீர்மானம் நிறைவேற்றிப் பத்திரிகையில் வெளியிட வேண்டும்.

இரண்டு: வாரத்தில் ஒரு நாளை உலர்நாளாகக் கொள்வோம். வெள்ளிக்கிழமை வீடு மெழுகி விளக்கேற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்நாளிலேயே தொட்டி, பீப்பாய், அண்டா ஆகியவற்றை ஒழித்து, உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலிற் காயவைத்து நிரப்புக. தேய்க்காமற் கொட்டினால் முட்டை சுவரிலேயே இருக்கும். ஆட்டுக்கல்லைக் கவிழ்த்தோ மணலிட்டு நிரப்பியோ விடுக. வாரம் ஒரு முறை செய்தால், பொரித்த புழு கொசுவாகுமுன் அழியும்.

மூன்று: சங்கத்துக்குரிய மண்டபத்து மாடித்தொட்டிக்கு இம்மாதத்துக்குள் இறுகிய மூடி போடப்பட வேண்டும். அங்கே கலியாணம் நடக்கும்போது நூற்றுக்கணக்கானோர் கூடுகின்றனர். ஊருக்குச் சொல்லுமுன் நாம் செய்து காட்ட வேண்டும்.

நான்கு: நம் பிள்ளைகளுக்குக் கொசுவைப் பிரித்தறியக் கற்பிப்போம். இது கடினமன்று. நீரில் வாழும் புழுவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீர்ப்பரப்பின்மேல் மட்டமாய்ப் படிந்திருப்பது அனாபிலிஸ். தலைகீழாய்த் தொங்கி வால்நுனிக் குழலால் மூச்சுவிடுவன கியூலெக்ஸும் ஈடிஸும். சுவரிற் சாய்ந்து வாலுயர்த்தி அமர்வது பெரும்பாலும் அனாபிலிஸ். கருநிறக் காலில் வெள்ளை வளையம் அணிந்து பகலில் வருவது ஈடிஸ். லத்தீன் பெயர் நாவில் நுழையாவிட்டால் பாதகமில்லை. சாய்கொசு, சாக்கடைக் கொசு, வளையற்காற் கொசு என்று நாமே தமிழிற் பெயரிட்டு வழங்குவோம். பெயர் வந்துவிட்டால் அடையாளம் வரும். அடையாளம் வந்தால், அது பிறந்த தொட்டி எது என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.